பழைய கார் காலையில் எடுக்க மறுத்தால்: புது பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி 800. கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர். வாங்கிய மூன்றாம் மாதத்திலேயே காலை நேரத் தகராறு ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி மட்டும் எடுக்காது. புது பேட்டரி போட்டேன், 4,200 ரூபாய். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினேன், 2,300. கார்ப்பரேட்டர் சர்வீஸ், 1,800. நான்கு மாதமும் 8,300 ரூபாயும் போன பிறகு கிடைத்த குற்றவாளி, டேங்க் பக்கம் விரிசல் விட்டிருந்த ஒரு முழ பெட்ரோல் ஓஸ். ஓஸும் இரண்டு கிளிப்பும் சேர்த்து 180 ரூபாய்.

நோய் ஓர் இடம், வலி ஓர் இடம் என்பதுதான் நடந்தது. பெட்ரோல் வராததால் நான் செல்ஃபை நீளமாக அடித்தேன். நீளமாக அடித்ததால் பேட்டரி இறங்கியது. பட்டறைக்குப் போகும்போது கண்ணுக்குத் தெரிந்தது இறங்கிய பேட்டரி மட்டும்தான். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் பாருங்கள். இது பெட்ரோல் வண்டிக்கானது. டீசல் என்றால் முதலில் குளோ பிளக்கைப் பாருங்கள், அது வேறு கதை.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் (400 ரூபாய்க்குள் கிடைக்கும்), 10, 12 நம்பர் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், உப்புத்தாள், டார்ச். கூடவே செல்ஃப் அடிக்க ஓர் ஆள். பெட்ரோல் பக்கம் கை வைக்கும் நாளில் ஒரு சின்ன தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

1. முதலில் ஒரு வாரம் எழுதி வையுங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் எனக்கு விடை கிடைத்தது இதில்தான். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் நாலு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: வண்டி எத்தனை மணி நேரம் நின்றிருந்தது, இன்ஜின் சூடா குளிர்ச்சியா, எத்தனை வினாடி செல்ஃப் அடித்தீர்கள், பெட்ரோல் வாடை வந்ததா இல்லையா. மழை பெய்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

என் நோட்டில் செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரே மாதிரி இருந்தது: உடனே எடுக்கும், நாலைந்து வினாடி ஓடும், அணையும், அப்புறம் இருபது வினாடி அடித்தால்தான் மறுபடி உயிர் வரும். திங்கட்கிழமை மட்டும் அந்த முதல் நாலு வினாடி கூட ஓடாது. சனி, ஞாயிறு வண்டி நின்றிருக்கும். பேட்டரிதான் காரணம் என்றால் செல்ஃப் மெதுவாகச் சுற்ற வேண்டும். என் செல்ஃப் முதல் சுற்றில் நன்றாகவே சுற்றியது. இதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால் பேட்டரி கடைப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

2. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

"ஸ்டார்ட் ஆகல" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு வியாதிகள் இருக்கின்றன. செல்ஃப் சரியாகச் சுற்றவில்லை என்பது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் எடுக்கவில்லை என்பது இன்னொன்று. மெக்கானிக்கிடம் போனில் சொல்லும்போதே இதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

சாவியைத் திருப்பினால் "டிக் டிக் டிக்" என்று தொடர்ந்து அடித்துக்கொண்டால் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. ஒரே ஒரு "டக்" கேட்டு அமைதியானால் சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்) வேலை செய்கிறது, மோட்டார் சுற்றவில்லை. எந்தச் சத்தமும் இல்லையென்றால் டெர்மினல், இக்னிஷன் சுவிட்ச், அல்லது செல்ஃபுக்குப் போகும் சின்ன ஒயர். "விர்ர்" என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் பென்டிக்ஸ் (செல்ஃப் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) இன்ஜின் பல்லில் மாட்டவில்லை. மெதுவாக, முக்கி முனகிச் சுற்றினால் படி 3. ஜோராகச் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு நேராகப் படி 5.

ஒரு முறைக்கு பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடித்தபின் குறைந்தது அரை நிமிடம் விடுங்கள். கோபத்தில் தொடர்ந்து அடித்துத்தான் என் கார்பன் பிரஷ் தேய்ந்தது.

3. பேட்டரி, டெர்மினல், எர்த்

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் போடுவதற்கு முன் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 என்றால் சார்ஜ் கால்வாசிதான். அடுத்து, செல்ஃப் அடிக்கும்போதே மீட்டரைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குச் சுமை தாங்கும் சக்தி இல்லை. வண்டி ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) அல்லது அதன் பெல்ட்டைப் பாருங்கள். பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் அது நிறையாது.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்றுங்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாளால் உள்பக்கம் தேயுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மாட்டிய பிறகு கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. மேலே கொஞ்சம் வாசலின்.

அதிகம் பேர் கவனிக்காத இடம் எர்த். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் ஒயர் இருபத்தைந்து வருடத்தில் உள்ளுக்குள் துருப்பிடித்துப் போயிருக்கும். வெளியே ரப்பர் பளபளவென்று இருக்கும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேலும் இன்னொரு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த ஒயரை மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றலாம் என்று யார் சொன்னாலும் இந்த அளவை எடுக்காமல் சம்மதிக்காதீர்கள்.

தினமும் காலையில் மட்டும் பேட்டரி இறங்கியிருந்தால் எங்கோ கரன்ட் ஒழுகுகிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு விழுகிறதோ அந்த லைன்தான். பழைய வண்டியில் பெரும்பாலும் பிறகு வைத்த மியூசிக் சிஸ்டம்தான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும்.

4. செல்ஃப் மோட்டார்

பேட்டரியும் எர்த்தும் சரியாக இருந்தும் ஒரே "டக்" மட்டும் கேட்டால்தான் செல்ஃபைச் சந்தேகப்பட வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை: நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்பியபடி இருக்க, மோட்டார் உடம்பை ஸ்பேனர் பின்பக்கத்தால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்துவிடுவார். முழு மோட்டார் மாற்ற வேண்டியதில்லை.

5. தீப்பொறி

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எடுக்கவில்லை என்றால் ஒன்று நெருப்பு இல்லை, இல்லையென்றால் பெட்ரோல் இல்லை. நெருப்பை முதலில் பாருங்கள், அது சுலபம்.

ஒரு பிளக்கைக் கழற்றி அதன் ஒயரில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜினில் நன்றாகப் படும்படி வையுங்கள். பிளக் துளைக்கும் பெட்ரோல் ஓஸுக்கும் பக்கத்தில் வேண்டாம், துளையிலிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். கையால் பிடிக்கவும் வேண்டாம். செல்ஃப் அடித்தால் நீல நிறத்தில், சத்தத்தோடு பொறி தெறிக்க வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் பலவீனம். ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லையென்றால் பிளக் அல்லது அதன் ஒயர். மூன்றிலும் இல்லையென்றால் காயில் (பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்குவது), காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) வரும் ஒயர், அதற்குள் சுற்றும் ரோட்டர், பழைய மாடலாக இருந்தால் காயில் கரன்ட்டை வெட்டி வெட்டி விடும் சி.பி. பாயின்ட்டும் அதன் கண்டன்சரும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள், அதைப் படியுங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் குறைவு அல்லது பெட்ரோல் அதிகம். எலும்பாகக் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரி அப்பியிருந்தால் சோக் (குளிரில் எடுக்க கார்ப்பரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு) மூடியே கிடக்கிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஆயில் பிசுக்கு என்றால் படி 8-க்குப் போக மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். என் மூன்று பிளக்கும் காய்ந்திருந்தன. முதல் பட்டறையில் அதைப் பார்த்தும் "பழசாயிடுச்சு சார்" என்று மாற்றினார்கள், காய்ந்திருப்பதன் அர்த்தத்தை யாரும் சொல்லவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் தகராறு என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா பாருங்கள். மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல், கரன்ட் அதன் வழியே ஓடிவிடும். துடைத்து மாட்டினால் அன்றைக்கு எடுக்கும். மறுநாளைக்குள் மூடியை மாற்றிவிடுங்கள். இரவில் பானெட்டைத் திறந்து ஓடவிட்டால் பிளக் ஒயர்களில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

6. பெட்ரோல்

பெரும்பாலான பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளின் காலைத் தகராறு இங்கேதான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் கடைசியில்தான் இங்கே வருகிறார்கள்.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. இன்ஜின் அணைந்திருக்க, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து கார்ப்பரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். உள்ளே ஒரு மெல்லிய பீச்சலாகப் பெட்ரோல் அடிக்க வேண்டும். அடித்தால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. அடிக்காவிட்டால் பெரும்பாலும் கிண்ணம் காலி. திங்கட்கிழமை காலையில் எனக்கு ஒரு சொட்டு கூட வரவில்லை.

அப்படியே சோக்கையும் பாருங்கள். டேஷ்போர்டில் குமிழை இழுக்கும்போது மேலே உள்ள தகடு முழுவதும் மூட வேண்டும், தள்ளினால் முழுவதும் திறக்க வேண்டும். கேபிள் துருப்பிடித்திருந்தால் குமிழ் மட்டும் வெளியே வரும், தகடு அசையாது. சென்னை வெயிலில் சோக் அரை நிமிடம் போதும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் இரண்டு மூன்று நிமிடம் வைக்க வேண்டியிருக்கும். இரண்டு ஊரிலும் பழகாதவர்கள் செய்யும் தவறு, சோக்கை உள்ளே தள்ள மறப்பது. பெட்ரோல் நிறைந்து மூச்சு முட்டியிருந்தால் வாடை மூக்கைத் துளைக்கும். அப்போது சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தி அப்படியே வைத்திருந்து ஐந்து வினாடி அடியுங்கள். மிதித்து மிதித்து விடாதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் உள்ளே போகும்.

கிண்ணம் காலி என்றால் கேள்வி இதுதான்: ஏன் காலி? நின்ற வண்டியின் கிண்ணத்திலிருந்து இன்ஜின் சூட்டில் கொஞ்சம் பெட்ரோல் ஆவியாவது இயல்பு. லைனில் பெட்ரோல் நிறைந்திருந்தால் பம்பு சில வினாடியில் நிரப்பிவிடும். லைனும் காலியாக இருந்தால் டேங்கிலிருந்து மறுபடி இழுத்து வர வேண்டும். அதுதான் என் இருபது வினாடி.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது ஒரு கண்ணாடி மாதிரித் தெரியும் பெட்ரோல் ஃபில்டர். பம்புக்கு முன்னால் உள்ள பழைய, மஞ்சளேறிய ஃபில்டருக்குப் பதில் உள்ளே தெரியும் புதியதைப் போட்டேன், நூறு ரூபாய்க்குள்தான். இரவு நிறுத்தும்போது பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. காலையில் ஒன்றுமே இல்லை. வண்டி ஓடும்போது அதற்குள் குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. ஆக, எங்கேயோ காற்று நுழைகிறது.

சூட்சுமம் இங்கேதான். பம்புக்குப் பின்னால் ஓஸ் கிழிந்தால் பெட்ரோல் சொட்டும், வாடை வரும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே கிழிந்தால் பெட்ரோல் பெரும்பாலும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பம்பு உறிஞ்சும் பக்கம் அது. வண்டி நின்றதும் லைனில் உள்ள பெட்ரோல் மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். கீழே ஒரு ஈரம் கூட இருக்காது. என் ஓஸை வளைத்துப் பார்த்தபோதுதான் நரை விழுந்த மாதிரி வரிவரியாக விரிசல் தெரிந்தது.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஓஸ் வாங்கும்போது எத்தனாலுக்குத் தாங்கும் ஓஸ் என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் ஓஸை வெட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றுவதென்றால் டேங்க் முதல் கார்ப்பரேட்டர் வரை எல்லாத் துண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ஒன்று போனால் மற்றவையும் அதே வயசுதானே.

ஓஸ் நன்றாக இருந்தால் பம்பைச் சோதியுங்கள். காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கார்ப்பரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். துடித்துத் துடித்து நன்றாக அடிக்க வேண்டும். மெல்ல ஒழுகினால் பம்பு டயஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ரப்பர் தகடு) போயிற்று. இன்ஜின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள்.

எடுக்கிறது, ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அணைகிறது என்றால் கார்ப்பரேட்டரில் உள்ள சொலினாய்டை (செல்ஃபில் உள்ளது வேறு, இது பெட்ரோலைத் திறந்துவிடுவது) பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் "டிக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஒயரைப் பாருங்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றுவது கடைசி வேலை. கண்ட இடத்தில் கழற்றி, ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண் துளை) கம்பியால் குத்திவிட்டால் மைலேஜும் போய்விடும்.

கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் இன்னொரு சிக்கல். மாதக்கணக்கில் எல்பிஜியில் ஓட்டிவிட்டு டேங்கில் இரண்டு லிட்டர் பெட்ரோலை அப்படியே வைத்திருப்பீர்கள். அது கெட்டுப்போய் பிசினாகும். வாரம் ஒருமுறையாவது பெட்ரோலில் எடுத்து ஓட்டுங்கள்.

7. சூட்டில் மட்டும் மறுத்தால்

காலையில் ஜம்மென்று எடுக்கிறது, கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்கவில்லை. மே மாதத்துப் புகார் இது. பெட்ரோல் லைனில் ஆவி அடைத்துக்கொள்கிறது, அல்லது சூட்டில் காயில் படுத்துவிடுகிறது. பிரித்தறிய, அந்த நேரத்திலேயே தீப்பொறியைப் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பொறி இருந்தால் பானெட்டைத் திறந்து வைத்து, பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். எடுத்தால் பெட்ரோல் ஓஸ் சைலன்ஸர் பக்கம் உரசிப் போகிறதா என்று பாருங்கள்.

எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியாக இருந்தால் கார்ப்பரேட்டரும் சோக்கும் இல்லை. சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கம் இரண்டு மூன்று வினாடி பம்பு ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே. சாவியை இரண்டு முறை ஆன் ஆஃப் செய்தபின் உடனே எடுத்தால் லைனில் அழுத்தம் நிற்கவில்லை என்று அர்த்தம். இந்த வண்டிகளில் பிளக் ஒயரைக் காற்றில் தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள், காயில் சாகும்.

8. கம்ப்ரஷன்

நெருப்பும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, எடுக்கவில்லையா? சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. டேப்பட் (வால்வின் இடைவெளியை அமைக்கும் இடம்) இறுகியிருந்தாலும் இப்படிக் காட்டும், அதனால் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் டேப்பட் செட் செய்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

9. பட்டறைக்குப் போகும்போது: காகிதம், காசு, நாள்

கையில் எடுத்துப் போக வேண்டியவை: உங்கள் ஒரு வார நோட்டு, பழைய பில்கள், பேட்டரியின் வாரன்டி கார்டு. பேட்டரி கார்டில் கடை முத்திரையும் விற்ற தேதியும் இருக்கிறதா என்று வாங்கும் அன்றே பாருங்கள். இலவச மாற்று எத்தனை மாதம், அதன் பிறகு தள்ளுபடி எத்தனை மாதம் என்பதும் தனித்தனியாக எழுதியிருக்கும். பழைய பேட்டரியைக் கடையில் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள், எடைக்குக் காசு கழிப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "அண்ணே, கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க, மாத்துன பழைய சாமானை எனக்குக் கொடுத்துருங்க." இதற்கு முகம் சுளிக்கும் பட்டறை உங்களுக்கு வேண்டாம். வண்டியை முந்தின இரவே கொண்டுபோய் விடுங்கள். காலைத் தகராறை மதியம் போய்க் காட்டினால் வண்டி சமர்த்தாக எடுத்துவிடும், நீங்கள்தான் பைத்தியக்காரர் ஆவீர்கள். நான் இரண்டு முறை ஆனேன்.

என் கணக்கில் உண்மையான செலவு இவ்வளவுதான்: ஓஸ், கிளிப் 180, ஃபில்டர் 90, கூலி 200. நேரம் ஒன்றரை மணி. பழைய சாமான் தேவைப்பட்டால் சென்னையில் புதுப்பேட்டை, புதிய ஸ்பேர் என்றால் ஜி.பி. ரோடு. ஆனால் பம்பு டயஃப்ரம், ஓஸ், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இவற்றைப் பழசாக வாங்க வேண்டாம்.

ஆர்.சி. தேதியையும் பாருங்கள். சொந்த உபயோக கார் என்றால் 15 வருடம் முடிந்ததும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். படிவம் 25, காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15-லிருந்து 20 வருட காருக்கு மத்தியக் கட்டணம் 5,000 ரூபாய், 20 தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்கு 500 கூடும். கேஸ் கிட் இருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். புகைச் சான்றிதழும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும். சோக் முழுதாகத் திறக்காத வண்டி, கரி அப்பிய பிளக்கோடு புகைச் சோதனையில் தேறுவது கஷ்டம். அதனால் ஸ்டார்ட்டிங் வேலையை முதலில் முடித்து, பத்து நாள் ஓட்டிப் பார்த்து, அதன் பிறகு சான்றிதழ் எடுத்து, ஆர்.டி.ஓ.வுக்கு நாள் குறியுங்கள். வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைத்து அணைத்து எடுக்க வேண்டியிருக்கும். என் முன்னால் நின்ற ஒருவருடைய வண்டியை நாங்கள் மூன்று பேர் தள்ளித்தான் இன்ஸ்பெக்டர் முன் கொண்டுபோய் நிறுத்தினோம்.